நிலையத்தில் தொடங்கி நிலையத்தில் முடியும் நடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநகரங்களில் வாழ்வோர் விடுமுறை நாளில் சென்று நடந்துவரத்தக்க கிராமப்புறப் பகுதிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் வெளிவரும் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். இடங்களின் அழகு அவற்றில் நன்றாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியைப் பற்றிய பேச்சு வரும்போது, பெரும்பாலான கட்டுரைகள் காரை எங்கே நிறுத்துவது என்று சொல்வதோடு நின்றுவிடுகின்றன. அருகில் ரயில் நிலையம் இருந்தால் அதன் பெயர் கடைசி வரியில் போகிற போக்கில் இடம்பெறுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ரயில் என்பது கார் இல்லாதவர்கள் வேறு வழியின்றி நாடும் ஏற்பாடு என்ற எண்ணம் அக்கட்டுரைகளின் அடியில் இருப்பதாகத் தோன்றுகிறது. நடப்பதற்காகவே செல்பவருக்கு ரயிலைப் போல வசதியானது வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், அத்தகைய நடைகளை ஒரு நாளிதழ் எவ்வாறு எழுதி வெளியிட்டால் வாசகருக்கு உண்மையிலேயே பயன்படும் என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

காரில் செல்பவர் வண்டியை எங்கே நிறுத்தினாரோ அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே அவருடைய நடை ஒரு சுற்றாக அமையும். இல்லையேல் போன வழியே திரும்ப நேரும். நிலமோ அப்படி வட்டமாகக் கிடப்பதில்லை. ஆறு ஒரு திசையில் ஓடுகிறது, மலைத்தொடர் ஒரு திசையில் நீள்கிறது, கடற்கரை வளைந்து வளைந்து போனாலும் முன்னோக்கியே போகிறது. ரயிலில் வருபவர் ஒரு நிலையத்தில் இறங்கி, நிலத்தின் போக்கிலேயே நடந்து, மற்றொரு நிலையத்தில் வண்டி ஏறிவிடலாம். ஏறிய மலையின் மறுபுறம் இறங்கலாம். மாலையில் கால்கள் களைத்திருக்கும்போது, காலையில் பார்த்த அதே வயல்களைத் திரும்பக் கடக்க வேண்டிய சலிப்பு அவருக்கு இல்லை.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய சீஃபோர்ட் - ஈஸ்ட்போர்ன் கடற்கரை நடையாகும். விக்டோரியா நிலையத்தில் புறப்பட்டு, லூயிஸ் நிலையத்தில் வண்டி மாறி, கிளைப்பாதையின் கடைசி நிலையமான சீஃபோர்டில் இறங்கினால், சில தெருக்களைத் தாண்டியதும் கடல் வந்துவிடுகிறது. அங்கிருந்து கிழக்கு நோக்கி, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தூரம், வெண்சுண்ணாம்புப் பாறைகளின் உச்சி வழியாக நடந்தால் ஈஸ்ட்போர்ன் வந்து சேரலாம். இடையில் கக்மியர் ஆறு கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும், உள்நோக்கி நடந்து எக்ஸீட் என்னும் இடத்தில் உள்ள பாலத்தைக் கடந்தே மறுகரைக்கு வர வேண்டும். அதன் பின்னரே ஏழு சகோதரிகள் என்று அழைக்கப்படும் பாறை முகடுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு முகட்டின் ஏற்றமும் சிறிதுதான். ஆனால் ஏறி இறங்கி, மீண்டும் ஏறி இறங்கி, முடிவில் 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி ஹெட் முனையை அடையும்போது, சமவெளியில் நடக்கப் பழகியவர்களுக்கு அந்தத் தூரம் இரட்டிப்பாகத் தோன்றும். இதையே காரில் வந்து செய்ய முயல்பவர் ஏழு முகடுகளையும் ஒருமுறை கடந்து, அதே ஏழையும் எதிர்த்திசையில் மறுபடி கடக்க வேண்டியிருக்கும். அல்லது பேருந்தில் ஏறித் தம் காரைத் தேடிப் போக வேண்டியிருக்கும். அப்பகுதியில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், மேற்கே தொடங்கிக் கிழக்கே முடிப்பவருக்கு அது முதுகில் படும். எத்திசையில் நடப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் ரயிலில் வருபவருக்கே உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மான்செஸ்டரிலிருந்து செல்வோருக்கு இதைவிடக் கச்சிதமான ஒரு நடை இருக்கிறது. ஷெஃபீல்டு செல்லும் ரயில் பாதையில் ஈடேல் என்ற சிற்றூர் நிலையம் உள்ளது. அங்கே இறங்கி, கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தின் தோளில் ஏறி, மறுபுறம் ஹேஃபீல்டு கிராமத்தில் இறங்கினால், அங்கிருந்து நியூ மில்ஸ் ஊருக்கு ஒரு சமதளப் பாதை செல்கிறது. நியூ மில்ஸ் சென்ட்ரல் நிலையமும் அதே ரயில் பாதையில், மான்செஸ்டருக்கு இன்னும் அருகில் இருக்கிறது. ஆகவே ஈடேலுக்கு எடுத்த இருவழிப் பயணச்சீட்டுக்கு உட்பட்ட தொலைவுக்குள்ளேயே நடை முடிந்துவிடுகிறது. வெவ்வேறு ரயில் பாதைகளில் உள்ள நிலையங்களுக்கு இடையே நடக்கும்போது இரண்டு ஒருவழிச் சீட்டுகள் எடுக்க நேரும். நகரத்துக்கு அருகில் உள்ள நிலையத்தில் நடையை முடித்தால் அந்தச் சிக்கல் எழுவதில்லை. பயணக் கட்டுரைகளில் இத்தகைய செய்தி ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

அந்தக் கிண்டர் ஸ்கௌட்டின் கதையை ஒரு பத்தியில் முடித்துவிட முடியாது என்றாலும், இப்பொருளைப் பேசும்போது அதை விட்டுவிடவும் இயலாது. 1932 ஏப்ரல் 24 அன்று, அக்காலத்தில் தனியார் வேட்டை நிலமாக மூடப்பட்டிருந்த அந்த மேட்டின் மீது, சில நூறு இளைஞர்கள் ஹேஃபீல்டிலிருந்து வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மான்செஸ்டர் பகுதியின் தொழிலாளர்கள். அந்த வேட்டை நிலத்தின் காவலாட்களோடு கைகலப்பு ஏற்பட்டது. ஐந்து பேர் சிறைக்குச் சென்றார்கள். 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டமும், 1951இல் அந்த மேடு அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதி அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும், மலை, புதர்வெளி ஆகியவற்றில் தடமின்றியும் நடக்கலாம் என்ற உரிமையை 2000ஆம் ஆண்டின் சட்டம் வழங்கியதும் அந்த நிகழ்ச்சியால் மட்டும் விளைந்தவை என்று சொன்னால் அது மிகைதான். அதற்கு முன்பும் பின்பும் பலர் பல்லாண்டுகள் உழைத்தார்கள். ஆயினும் நகரத்துத் தொழிலாளிக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாளில் நடக்க ஒரு மலை வேண்டும் என்ற கோரிக்கை அன்றைக்குத்தான் உரத்துக் கேட்டது.

இதில் ரயிலுக்கும் ஒரு வருத்தமான பங்கு உண்டு. 1963இல் வெளியான, ரயில்வே வாரியத் தலைவர் பீச்சிங்கின் அறிக்கை, பிரிட்டனில் 2,363 நிலையங்களை மூடிவிடலாம் என்று பரிந்துரைத்தது. அந்த அத்துமீறல் தொடங்கிய ஹேஃபீல்டு கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த ரயில் 1970இல் நின்றது. நான் மேலே சொன்ன சமதளப் பாதை, தண்டவாளங்களை எடுத்துவிட்ட அந்த ரயில் பாதையேதான். ஈடேல் வழியாகச் செல்லும் பாதையும் மூடப்பட வேண்டியவற்றின் பட்டியலில் இருந்து, பின்னர் தப்பியது. அது மூடப்பட்டிருந்தால், 1965இல் திறக்கப்பட்ட, 431 கிலோமீட்டர் நீளமுள்ள பென்னைன் நெடுநடைப் பாதையின் தென்கோடியான ஈடேல் இன்று ரயில் இல்லாத ஊராக இருந்திருக்கும். நிலையங்களை மூடுவதா வேண்டாமா என்று கணக்குப் பார்ப்பவர்கள், நாள்தோறும் அலுவலகம் செல்வோரின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதுகுப்பையோடு வந்து இறங்குவோர் அந்தக் கணக்கில் எளிதில் விடுபட்டுப் போகிறார்கள்.

ஒரு நகரத்தைச் சுற்றி நடப்பதற்கு ஏற்ற இடங்கள் இருக்கின்றனவா என்று கேட்பவர்கள், வழக்கமாக மலையும் காடும் இருக்கின்றனவா என்றே பார்க்கிறார்கள். என் பார்வையில் அவை இரண்டாம்பட்சம். சாதாரண வயல்வெளியும் ஓர் ஓடையும் போதும். முதலில் தேவைப்படுவது, விடுமுறை நாளில் வண்டி நிற்கும் ஒரு சிறு நிலையம். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் ஹார்லெம் ரயில் பாதையில், அப்பலாச்சியன் டிரெயில் என்ற பெயரிலேயே ஒரு நிறுத்தம் உள்ளது. ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெய்ன் மாநிலம் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அந்த மலைத்தடம் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், ஒரு சிறிய மேடை போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் சில வண்டிகள் மட்டும் அங்கே நிற்கும். பாரிஸுக்குத் தெற்கே, ஃபோன்டென்ப்ளோ காட்டின் நடுவிலும் இதுபோன்ற ஒரு நிறுத்தம் உண்டு: நகரத்திலிருந்து வரும் வண்டிகள் வார இறுதியில் அங்கே நிற்கும், திரும்பிச் செல்லும் வண்டிகள் நிற்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் காட்டில் இறங்குபவர் காட்டிலேயே திரும்ப ஏற வேண்டியதில்லை, நடந்து ஊருக்கு வந்து பெரிய நிலையத்தில் ஏறிக்கொள்வார் என்பதை ரயில் நடத்துவோரே உணர்ந்து செய்த ஏற்பாடு போல அது அமைந்துவிட்டது. இத்தகைய நிறுத்தங்களுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு மேடையும், கால அட்டவணையில் ஓரிரு நிமிடங்களும் போதும்.

அடுத்த தேவை, நடக்க உரிமை. இதை நாட்டுக்கு நாடு வெவ்வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தின் ஊடாகச் செல்லும் பழைய தடங்களைப் பொதுவழிகளாகச் சட்டபூர்வமான வரைபடத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள்; அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். விவசாயி தம் வயலை உழலாம், ஆனால் அந்த வழியை அடைக்கலாகாது. சுவீடனில் யாவருக்கும் உரிய உரிமை என்றே ஒரு மரபு உண்டு. வீட்டு முற்றத்தையும் பயிர் நிற்கும் நிலத்தையும் தவிர்த்துவிட்டு, எவருடைய காட்டிலும் எவரும் நடக்கலாம். ஸ்டாக்ஹோம் நகரத்தின் சுரங்க ரயிலில் பியோர்க்ஹாகன் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், சோர்ம்லண்ட் நெடுநடைப் பாதை அங்கேயே தொடங்கிக் காட்டுக்குள் போகிறது. சுவிட்சர்லாந்தில் 1979இல் நடந்த மக்கள் வாக்கெடுப்புக்குப் பின், நடைப்பாதைகளைப் பேணும் கடமை அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றது. அங்கே எந்த நிலையத்தில் இறங்கினாலும் மஞ்சள் நிறக் கைகாட்டி ஒன்று கண்ணில் படும். அதில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதியிருப்பதில்லை. எத்தனை மணி நேரம், எத்தனை நிமிடம் என்றே எழுதியிருக்கும். அடுத்த வண்டிக்கு நேரமாகிறதா என்று கவலைப்படும் ஒருவருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை.

தடங்களுக்கு அடையாளம் இடும் பழக்கத்துக்கே ரயிலோடு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ஃபோன்டென்ப்ளோ காட்டில், நெப்போலியனின் படையில் இருந்தவரான குளோட் பிரான்சுவா டெனெகூர் என்பவர், 1840களில் தம் சொந்தச் செலவில் தடங்களை வெட்டி, பாறைகளிலும் மரங்களிலும் நீல நிறக் குறிகளைத் தீட்டத் தொடங்கினார். 1849இல் பாரிஸிலிருந்து அவ்வூருக்கு ரயில் வந்தது. வழிகாட்டி ஆள் இல்லாமல், ஒரு சிறு கையேட்டை வைத்துக்கொண்டு, நகரத்தார் தாமாகவே காட்டுக்குள் நடந்து மாலைக்குள் வீடு திரும்பும் வழக்கம் அங்கே இப்படித்தான் வேரூன்றியது. நூறாண்டுகள் கழித்து, 1947 முதல், வெள்ளை சிவப்புக் கோடுகளால் குறிக்கப்பட்ட நெடும்பாதைகள் பிரான்ஸ் முழுவதும் போடப்பட்டபோது, அவற்றுக்கான முன்மாதிரி அந்தக் காட்டிலேயே ஆயத்தமாக இருந்தது. ஒரு தனி மனிதரின் பிடிவாதமும் ஒரு ரயில் பாதையும் ஒரே பத்தாண்டில் ஒரே இடத்தில் சந்தித்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலால் இன்று வரை நடப்பவர்கள் பயனடைகிறார்கள்.

ரயில் நிறுவனங்களும் இதை வணிகமாகப் பார்க்கத் தவறியதில்லை. லண்டனின் மெட்ரோபாலிடன் ரயில் நிறுவனம் 1915 முதல் 1932 வரை, தன் பாதையை ஒட்டிய கிராமப்புறங்களை வருணித்து ஆண்டுதோறும் கையேடு வெளியிட்டது. அதில் நடைகளும் இருந்தன, விற்பனைக்குரிய வீடுகளும் இருந்தன. எந்தப் புல்வெளியைக் காட்டி மக்களை அழைத்ததோ, அந்தப் புல்வெளியின் மீதே அது வீடுகளை எழுப்பியது. கிராமத்தின் அழகை விளம்பரம் செய்பவர் யார், எதற்காகச் செய்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நாளிதழ்களின் பயணப் பக்கங்களில் இன்று வரும் சில கட்டுரைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும் என்பதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இனி, எழுதப்படாமல் இருப்பதே நல்லது என்று சிலர் வாதிடுவார்கள். நகரத்துக்கு அருகில் உள்ள ஓர் இடத்தைப் பற்றி நாளிதழில் வந்துவிட்டால், அடுத்த வாரமே அங்கே கூட்டம் மொய்த்து, அமைதியும் தடமும் ஒருசேரக் கெட்டுவிடும் என்பது அவர்கள் அச்சம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தகாவோ மலை 599 மீட்டர் உயரமே உடையது. ஆண்டுக்கு 25 லட்சம் பேருக்கு மேல் அங்கே வருவதாகச் சொல்லப்படுகிறது. இலையுதிர்காலத்து ஞாயிறுகளில் அதன் உச்சியில் நிற்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஆனால் அக்கூட்டத்தில் மிகப் பெரும்பாலோர் இழுவை ரயிலில் பாதி மலை ஏறி, தளம் போட்ட முதலாம் எண் பாதையில் உச்சிக்குப் போய், அதே வழியில் இறங்கிவிடுகிறார்கள். ஓடையை ஒட்டிச் செல்லும் ஆறாம் எண் பாதையில் ஏறினால் மண்ணையும் நீரையும் உணரலாம். உச்சியில் திரும்பாமல் மேற்கே தொடர்ந்து, ஷிரோயாமா முகட்டைக் கடந்து, சகாமிகோ நிலையத்தில் இறங்கிச் சூவோ ரயில் பாதையில் ஏறினால், பின்பாதி நடையில் எதிர்ப்படுவோர் வெகுவாகக் குறைந்திருப்பார்கள். கூட்டம் சேர்வது இடங்களில். இடைவழிகளில் அவ்வளவாகச் சேர்வதில்லை. ஓர் உச்சியையோ ஓர் அருவியையோ மட்டும் புகழ்ந்து எழுதும் கட்டுரை மக்களை ஒரு புள்ளியில் குவிக்கிறது. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட வழியை எழுதும் கட்டுரை அவர்களைப் பரவச் செய்கிறது. ஆகவே கூட்டத்துக்கு அஞ்சுபவர்களே இவ்வகைக் கட்டுரைகளை ஆதரிக்க வேண்டும் என்பேன்.

எப்படி எழுத வேண்டும் என்பதற்கு வருகிறேன். நடையைப் பற்றிய எழுத்தில் முதலில் வர வேண்டியது நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறுநரான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன எளிய விதி இன்றும் கைகொடுக்கிறது: ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 15 கிலோமீட்டர் நடையில் மொத்த ஏற்றம் 450 மீட்டர் என்றால், மூன்று மணி நேரமும் முக்கால் மணியும் ஆகும். ஆனால் இது பழகிய கால்களுக்கு, நல்ல தரையில், நில்லாமல் நடந்தால் வரும் கணக்கு. உணவுக்கும் ஓய்வுக்கும், வழி தேடுவதற்கும், சேற்றுக்கும் சேர்த்து இதைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வதே முறை. அதன் பிறகு கடைசி வண்டியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கடைசி வண்டியை நம்பித் திட்டமிடலாகாது. அதற்கு முந்தைய வண்டியையே இலக்காகக் கொண்டு, கடைசி வண்டியை எதிர்பாராத தாமதத்துக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். குளிர்காலத்தில் இதையும் முந்திக்கொண்டு சூரியன் மறைந்துவிடும் என்பதால், அக்காலத்தில் கணக்கை அந்தி நேரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வழியைச் சொல்லும்போது மாறாத அடையாளங்களைச் சொல்ல வேண்டும். பாலம், தேவாலயக் கோபுரம், மின்கம்பி வரிசை, ரயில் பாதையைக் கடக்கும் இடம் ஆகியவை நிலைத்து நிற்பவை. பச்சை நிற வாயில், பூத்துக் குலுங்கும் செடி, மேய்ந்துகொண்டிருக்கும் குதிரை போன்றவை எழுதியவர் பார்த்த நாளுக்கு மட்டுமே உரியவை. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எப்பக்கம் திரும்புவது என்பதோடு, திரும்பத் தவறினால் எதைக் காண்பீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால், தவறிப் போனவர் அரை மணி நேரம் அலையாமல் அப்போதே திரும்பிவிடுவார். நிலைமை மாறக்கூடிய இடங்களுக்கு மாற்று வழியும் கட்டுரையிலேயே இருக்க வேண்டும். லண்டனுக்குத் தெற்கே பாக்ஸ் ஹில் குன்றின் அடிவாரத்தில், மோல் ஆற்றைக் கடக்க வரிசையாகக் கற்கள் போடப்பட்டிருக்கின்றன. போரின்போது அகற்றப்பட்ட அவை, 1946இல் அன்றைய பிரதமர் கிளெமென்ட் அட்லியால் மீண்டும் திறந்துவைக்கப்பட்டவை. மழைக்குப் பின் அக்கற்கள் நீரில் மூழ்கிவிடும். சற்றுத் தள்ளி ஒரு நடைபாலம் இருப்பதை அறிந்தவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அறியாதவர் நிலையத்துக்கே திரும்பிவிடக்கூடும். சிட்னியிலிருந்து ரயிலில் எளிதாகச் செல்லும் நீலமலைப் பகுதியிலோ, மண்சரிவால் தடங்கள் அவ்வப்போது மூடப்படுகின்றன. வென்ட்வொர்த் ஃபால்ஸ் நிலையத்தருகே தொடங்கும் நடை, 1836இல் அவ்வழியே சென்ற சார்லஸ் டார்வினின் பெயரைத் தாங்கியிருப்பது சுவையான செய்திதான். ஆனால் அன்றைக்கு அந்தத் தடம் திறந்திருக்கிறதா என்பதை எங்கே கேட்டறியலாம் என்று சொல்வது அதைவிட முக்கியம்.

ஒவ்வொரு நடையிலும் பாதி வழியில் விலகிக்கொள்ள ஓர் இடம் குறிக்கப்பட வேண்டும் என்றும் வேண்டுகிறேன். குழந்தைகளோடு வருபவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், திடீர் மழையில் சிக்கியவர்கள் ஆகியோருக்கு, இடையில் ஒரு நிலையமோ பேருந்து நிறுத்தமோ இருப்பது பெரும் ஆறுதல். தனியாக நடக்கும் பெண்களுக்கு வேறொரு செய்தியும் தேவைப்படுகிறது: முடியும் இடத்தில் உள்ள நிலையத்தில் பணியாளர் இருப்பாரா, விளக்கு எரியுமா, ஊர் அருகில் உள்ளதா என்பது. ஆளில்லாச் சிறு நிலையத்தில் காலையில் இறங்கி, மாலையில் ஆள் நடமாட்டமுள்ள பெரிய நிலையத்தில் ஏறும்படி திசையை அமைத்தால் இதற்குப் பெருமளவு தீர்வு கிடைத்துவிடும். சக்கர நாற்காலியில் செல்வோருக்கு, கைவிடப்பட்ட ரயில் பாதைகளில் அமைந்த தடங்கள் மிகவும் ஏற்றவை. ரயில் ஏற முடியாத சரிவு அவற்றில் இருக்க முடியாதல்லவா?

நிலத்துக்கு உரியவர்களை மறந்துவிட்டு இதையெல்லாம் பேசுவது முறையன்று. நகரத்தவருக்கு ஓய்வுநாளான அதே நாளில் கிராமத்தவர் வேலை செய்துகொண்டிருப்பார். திறந்த வாயிலைத் திறந்தபடியும் மூடிய வாயிலை மூடியும் விட்டுச் செல்வது, பயிருக்குள் இறங்காமல் ஓரமாக ஒற்றை வரிசையில் நடப்பது, கால்நடை நிற்கும் இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்வது ஆகியவற்றை ஒவ்வொரு கட்டுரையிலும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எப்போதாவது ஒருமுறை சொன்னால் போதும். ஆனால் ஒன்றில் மட்டும் நாளிதழ் கண்டிப்பாக இருக்க வேண்டும். பொதுவழி என்று உறுதியாகத் தெரியாத எந்தத் தடத்தையும், எழுதியவர் நடந்தபோது யாரும் தடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அச்சிடக் கூடாது. ஒருவர் நடந்து போனதைப் பொறுத்துக்கொண்ட நில உரிமையாளர், நாளிதழைக் கையில் பிடித்தபடி நாற்பது பேர் வந்தால் வேலி போட்டுவிடுவார். அதுவரை அவ்வழியே போய்வந்துகொண்டிருந்த உள்ளூர்க்காரர்களுக்கும் வழி அடைபட்டுவிடும்.

இவ்வளவையும் எழுத நிறைய இடம் பிடிக்குமே என்று தாங்கள் எண்ணக்கூடும். பயணப் பக்கத்தில் வழக்கமாக வரும் பெரிய வண்ணப் படத்தின் அளவைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் இரு நிலையங்களையும் இடைவழியையும் காட்டும் ஒரு கோட்டுப் படத்தைப் போட்டாலே, வாசகருக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். எழுதியவர் அவ்வழியே எந்த மாதம், எந்த ஆண்டு நடந்தார் என்பதைக் கட்டுரையின் கீழே குறிப்பிட வேண்டும். அதே வழியில் பின்னர் நடக்கும் வாசகர்கள் பாலம் உடைந்திருப்பதையோ வண்டி நேரம் மாறியிருப்பதையோ எழுதி அனுப்பினால், அதை அடுத்த வாரமே ஓரிரு வரிகளில் வெளியிட வேண்டும். கால அட்டவணையை அச்சிடுவதில் பயன் இல்லை. அது மாறிக்கொண்டே இருப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை மணிக்கு ஒரு வண்டி என்று தோராயமாகச் சொல்லி, மற்றதைப் புறப்படும் முன் ரயில்வேயிடம் சரிபார்க்கச் சொன்னால் போதும். ஏனெனில் தண்டவாளப் பராமரிப்பு வேலைகளை வார இறுதிகளில்தான் வைத்துக்கொள்கிறார்கள். ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து ஓடும் நாளில் நடை முழுவதும் ஒரு மணி நேரம் பிந்திவிடும்.

முதல் கட்டுரைக்கு நெடிய நடை எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடையே, இரண்டு மணி நேரத்தில் முடியக்கூடிய, பெரிய ஏற்றம் இல்லாத ஒரு வழி போதும். அதை ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டாம் என்பதையும் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு இதழ் வாசகரின் கைக்கு வரும்போது, அவர் பிடித்திருக்க வேண்டிய முதல் வண்டி புறப்பட்டுவிட்டிருக்கும். வெள்ளிக்கிழமை இதழில் வந்தால், சனிக்கிழமை வரைபடத்தைப் பார்த்து, வண்டி நேரத்தைச் சரிபார்த்து, உடன் வரக்கூடியவரையும் கேட்டு வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு முழு நாள் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்